பிணை நிற்றல்: துயருற்றோர் அருகே நிற்பவரைத் தேடி ஓர் இலக்கியப் பார்வை

துயர இலக்கியம் என்று நம்மிடையே பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் துயருற்றவரின் குரலே. இறந்தவரை எண்ணி இருப்பவர் புலம்பும் பாட்டைத் தமிழர் கையறுநிலை என்றனர். அரபியர் மர்ஸியா என்றனர். அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை எனக் காரணம் நான்கு வகுத்தார் தொல்காப்பியர். அழுபவரின் உள்ளத்தை இத்துணை நுணுகி ஆராய்ந்த நம் திறனாய்வு, அவருக்கு அருகில் அமர்ந்திருப்பவரை ஏறக்குறைய மறந்தே விட்டது. அவர் என்ன செய்கிறார்? என்ன பேசுகிறார்? எதைப் பேசாமல் விடுகிறார்? பழம் பனுவல்கள் இவ்வினாக்களுக்கு விடை வைத்திருக்கின்றன, தேடுவார்தாம் இலர்.

இஃது ஏட்டளவில் முடிந்துவிடும் வினா அன்று. மௌத்தான வீட்டுக்குச் செல்லும் நம்மவர் நாவில் முதலில் வந்து நிற்கும் சொல் 'ஸபுறு செய்யுங்கள்' என்பது. இறைமறை உயர்த்திப் பேசும் ஒரு பெருங்குணத்தின் பெயர் அது. ஆயினும், சொல்லப்படும் வேளையையும் முறையையும் பொறுத்து, அது ஆறுதலாகவும் அமையலாம். அழுபவரின் வாயை மூடும் கையாகவும் அமையலாம். இரண்டையும் பிரித்தறிய இலக்கியம் நமக்கு உதவுமா என்பதே இக்கட்டுரையின் கவலை.

கபிலர் மேற்கொண்ட காரியம்

பாரியின் மறைவைப் பற்றிய புறநானூற்றுப் பாடல்களை அறியாத தமிழ் மாணவர் இரார். தந்தையை இழந்த மகளிர் இருவரும் நிலவைக் கண்டு பாடிய சிறு பாட்டு, கையறுநிலைக்கு இலக்கணம் போல எடுத்துக்காட்டப்படுகிறது. பறம்பு மலையைப் பிரிந்த கபிலரின் பாடல்களும் அவ்வாறே. எனினும் கபிலரை நாம் அழுத புலவராகவே கண்டு நிறைவடைந்து விடுகிறோம். அவர் அழுதுகொண்டே என்ன செய்தார் என்பதைக் கேட்பதில்லை.

மலையை நோக்கிக் கண்ணீருடன் விடைபெறும் அதே பாட்டிலேயே, அம்மகளிருக்கு உரிய கணவரைத் தேடிச் செல்வதாகக் கபிலர் கூறிவிடுகிறார். புலம்பலும் பொறுப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. 'கை' என்பதற்குச் செயல் என்றும் பொருள் உண்டு. செய்வதற்கு ஒன்றும் இல்லாது போன நிலையே கையறுநிலை. இறந்தவருக்காகச் செய்ய ஒன்றும் எஞ்சாத இடத்தில், இருப்பவருக்காகச் செய்ய வேண்டியதைக் கண்டுகொண்டவர் கபிலர்.

இன்னொரு பாட்டில் அவர் காட்டும் காட்சி ஊன்றி நோக்கத்தக்கது. எளிய மனை ஒன்றில் ஒதுங்கியிருக்கும் மகளிர் குப்பைமேட்டின் மீதேறி, தொலைவில் செல்லும் உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணி விளையாடுகின்றனர். முன்னர்த் தம் மலைமீது நின்று, படையெடுத்து வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள் அவர்கள். இதைக் கண்டு கபிலரின் நெஞ்சு நொந்துபோகிறது. ஆனால், 'தந்தை இறந்திருக்க விளையாட்டா?' என்று அவர் கடிந்ததாகப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. துயரத்தின் நடுவிலும் குழந்தைமை தன் வழியே தலைநீட்டும் என்பதை அறிந்து, அதை அப்படியே இருக்கவிட்டு, தம் நோவைத் தாமே சுமந்து நிற்கிறார். துயருற்றோர் இப்படித்தான் துயரப்பட வேண்டும் என்று வரையறுக்காமல் இருப்பதும் துணை நிற்பதன் ஒரு கூறு என்பதை இப்பாட்டு சொல்லாமல் சொல்கிறது.

பின்னர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று அம்மகளிரை மணக்குமாறு வேண்டும் பாடல்கள் வருகின்றன. இவர்கள் பாரியின் மக்கள். நான் இவர்தம் தந்தையின் தோழன் என்று அறிமுகம் செய்துகொண்டு இரந்து நிற்கிறார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. பெரும்புலவர் ஒருவர் வாயிலில் நின்று மறுக்கப்படும் இப்பாடல்களைத் திறனாய்வாளர் வரலாற்றுச் செய்திக்காகப் புரட்டுவரே அன்றி, கவிதைக்காகப் பயில்வது அரிது. ஆனால் கபிலரின் துயரம் எவ்வளவு ஆழமானது என்பதற்குப் பறம்பைப் பாடிய பாடல்களைவிட, தன்மானத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துக் கேட்ட இவ்வேண்டுகோள்களே வலுவான சான்று. பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்தபின் கபிலர் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூரில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. அந்த முடிவை நம் மார்க்கம் ஏற்காது. ஆயினும் கபிலரின் பொறுப்புணர்வு சங்க காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் மக்கள் நினைவில் நின்றது என்பதற்கு அக்கல் சாட்சி.

மானும் பிணையும்

சங்கப் புலவரிடமிருந்து உமறுப்புலவரிடம் வருவோம். 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த சீறாப்புராணம் 5027 விருத்தங்களால் ஆனது. அதில் கல்விக்கூடங்கள் வழியாக மிகப் பரவலாக அறியப்பட்ட பகுதி, மானுக்குப் பிணை நின்ற படலம். வேடனிடம் சிக்குண்ட பெண்மான் ஒன்று, பால் மறவாத தன் கன்றை எண்ணிக் கதறுகிறது. கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வருவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிடுகிறது. நாயகம் அவர்கள் வேடனிடம் அதற்குப் பிணையாகிறார்கள். மான் சென்று கன்றைக் கண்டு பாலூட்டுகிறது. இனத்தார் தடுத்தும் கேளாது, சொன்ன சொல் காக்கக் கன்றோடு மீள்கிறது. வேடன் உள்ளம் மாறுகிறது.

இந்நிகழ்ச்சி பற்றிய அறிவிப்புகள் வலுவற்றவை என ஹதீஸ் கலை வல்லார் பலர் குறித்திருக்கின்றனர். வரலாற்றை ஆய்வோர் அதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். காவியத்தை ஆய்வோரின் கேள்வி வேறு: உமறு இந்தக் கதையை இத்துணை விரித்துப் பாடியது ஏன்?

இதுகாறும் இப்படலத்தைப் புகழ்ந்தோர் இரண்டு காரணம் கூறினர். ஒன்று, உயிரிரக்கம், மற்றொன்று, வாய்மை காத்தல். இரண்டும் சரியே. மூன்றாவது ஒன்றும் உண்டு. தமிழில் 'பிணை' என்னும் சொல்லுக்குப் பெண்மான் என்றும் பொருள். ஈடாக நிற்றல் என்றும் பொருள். கட்டு என்றும் பொருள். கட்டுண்டு கிடப்பதும் பிணை. அதற்காக நிற்பதும் பிணை. தமிழ் மொழியே உமறுக்கு வழங்கிய இந்த ஒருமை, படலத்தின் உட்பொருளாகிவிடுகிறது. துயருற்றவரையும் துணை நிற்பவரையும் ஒரே சொல் கட்டி வைக்கிறது.

அங்கே மானுக்கு வழங்கப்பட்ட ஆறுதல் எத்தகையது என்பதைக் கவனிக்க வேண்டும். 'எல்லாம் விதி, பொறுத்துக்கொள்' என்று அதனிடம் கூறப்படவில்லை. முதலில் அதன் முறையீடு முழுமையாகக் கேட்கப்படுகிறது. காவியத்தில் அதற்கென்று இடம் ஒதுக்கப்படுகிறது. அடுத்து, அதன் பொருட்டு இன்னொருவரிடம் பேசப்படுகிறது. மூன்றாவதாக, அது மீளாவிடில் விளையும் இழப்பைப் பேசியவர் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். கேட்டல், பரிந்து பேசுதல், சுமையில் பங்கேற்றல் என்னும் இம்மூன்றில் முதலாவதோடு நின்றுவிடுபவர் பலர். முதலாவதைக்கூடச் செய்யாமல் அறிவுரைக்குத் தாவுபவர் அவர்களினும் பலர்.

இக்காவியம் முற்றுப்பெற்ற வரலாறும் இங்கு எண்ணத்தக்கது. உமறை ஆதரித்த வள்ளல் சீதக்காதி, நூல் நிறைவெய்தும் முன்னரே மறைந்தார். புரவலரை இழந்த புலவருக்குப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் துணை நின்றார், பணி தொடர்ந்தது. இரங்கற்பா பாடி முடித்துக்கொண்டிருந்தால் சீறா நமக்குக் கிட்டியிராது.

திருமறை காட்டும் இரு காட்சிகள்

துயருற்றவரை எப்படி நடத்தலாகாது, எப்படி நடத்தலாகும் என்பதற்குத் திருக்குர்ஆனில் இரு காட்சிகள் எதிரெதிராக நிற்கின்றன.

முதலாவது யூசுஃப் அத்தியாயத்தில் வருகிறது. மகனைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அவர்கள் 'அழகிய பொறுமை' என்று உரைத்தவர்கள். அதே அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போயின என்றும் அதே அத்தியாயம் கூறுகிறது. அழகிய பொறுமைக்கும் கண்ணீருக்கும் பகை இல்லை என்பதற்கு இதனினும் வேறு ஆதாரம் வேண்டியதில்லை. அவ்விடத்தில் பிள்ளைகள் பேசுவதைக் கேளுங்கள். யூசுஃபை இன்னும் நினைத்துக்கொண்டே இருந்தால் நோயுற்று அழிந்துபோவீர் என்கின்றனர். சொல்லின் மேற்பரப்பில் தந்தை மீதான அக்கறை தெரிகிறது. ஆனால் தந்தையின் துயருக்குக் காரணமானவர்களே அவர்கள். அவர் கண்ணீர் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. துயருற்றவரை விரைந்து தேறச் சொல்பவர், பல வேளைகளில் தம் மனச்சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ளவே அவ்வாறு சொல்கிறார் என்னும் நுண்ணிய உளவியல் இந்த உரையாடலில் பொதிந்திருக்கிறது. யஃகூப் நபி அவர்கள் தம் துயரை அல்லாஹ்விடமே முறையிடுவதாக விடையளிக்கிறார்கள். மனிதரிடம் முறையிடும் வழி அந்த வீட்டில் அடைபட்டிருந்தது என்பதையும் அவ்விடையில் கேட்கலாம்.

இரண்டாவது காட்சி மர்யம் அத்தியாயத்தில். பேறுகால வேதனையில், தனிமையில், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று மர்யம் (அலை) கதறுகிறார்கள். அந்தச் சொல்லுக்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. கவலற்க என்னும் குரலோடு வருவன யாவை? காலடியில் நீரோடை, உலுக்கினால் உதிரும் பேரீச்சங்கனி, உண்க, பருகுக, கண் குளிர்க என்னும் சொற்கள், எவரையேனும் கண்டால் இன்று எவரோடும் பேசுவதில்லை என்று நேர்ந்திருப்பதாக உணர்த்திவிடும் அனுமதி. நீர், உணவு, மௌனத்திற்கான உரிமை! விளக்கம் சொல்லிக் களைத்துப் போகும் கடமையிலிருந்து துயருற்றவரை விடுவிப்பது எத்தகைய கருணை என்பதை, எப்படி மௌத்தானார் என்று வருவோர்க்கெல்லாம் ஒரே கதையை நூறு முறை சொல்ல நேர்ந்த எந்தப் பெண்ணும் அறிவாள்.

பொறுமை என்னும் சொல் உரைக்கப்பட்ட வேளை

ஹதீஸ்களிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். கபுறருகே அழுதுகொண்டிருந்த பெண்ணிடம், அல்லாஹ்வை அஞ்சிப் பொறுமை கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறுகிறார்கள். சொன்னவர் யாரென அறியாத அப்பெண், என் துன்பம் உமக்கு நேரவில்லை, அப்பால் செல்லும் என்கிறாள். அவ்விடத்தில் மறுமொழி இல்லை, கடிந்துரை இல்லை. யாரென அறிந்ததும் அவளே வீடு தேடி வருகிறாள். வாயிலில் காவலர் எவரும் இல்லை. முதல் அதிர்ச்சியின்போது கொள்வதே பொறுமை என்னும் போதனை அப்போதுதான் கிடைக்கிறது. அப்போதனையை மட்டும் மனனம் செய்து மேடைகளில் எடுத்தோதும் நாம், கபுறடியில் நிலவிய அந்த மௌனத்தையும் காவலற்ற அந்த வாயிலையும் சேர்த்தே படிக்க வேண்டாமா?

மகன் இப்ராஹீம் 632-இல் மறைந்தபோது நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. தாங்களுமா என்று வியந்த தோழரிடம், இது இரக்கம் என்றார்கள். அன்று கதிரவனைக் கிரகணம் பற்றியது. குழந்தையின் மறைவுக்காகவே வானம் இருண்டது என்று மக்கள் பேசினர். எவருடைய சாவுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தப்பட்டனர். துயருற்ற தந்தைக்கு அதைவிட இனிக்கும் ஆறுதல் உண்டா? ஆயினும் உண்மையல்லாத ஆறுதல் மறுக்கப்பட்டது. கண்ணீருக்கு இடம் உண்டு. பொய்க்கு இடம் இல்லை. நம் இரங்கற்பாக்களில் கதிரும் நிலவும் கணந்தோறும் மறைவதை எண்ணும்போது, இது கவிஞர்களுக்கும் உரிய பாடம் எனத் தோன்றுகிறது.

முஅத்தா போரில் (629) ஜஅஃபர் (ரலி) உயிர்நீத்தபோது நடந்தவை இன்னும் தெளிவானவை. அவருடைய வீட்டாருக்கு உணவு சமைக்குமாறு பிறருக்குக் கட்டளையிடப்பட்டது. மூன்று நாள் அவர்களின் அழுகைக்கு விடப்பட்டது. அதன்பின் நாயகம் (ஸல்) அவர்கள் மீண்டும் அவ்வீட்டுக்கு வருகிறார்கள். இன்றோடு அழுகை போதும் என்கிறார்கள். உடனே சகோதரரின் மக்களை அழைத்துவரச் சொல்கிறார்கள். பறவைக்குஞ்சுகளைப் போல வந்து நின்றதாக அப்பிள்ளைகளில் ஒருவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். நாவிதர் வரவழைக்கப்பட்டு அவர்களின் தலை மழிக்கப்படுகிறது. பிள்ளைகள் தந்தையற்றவர் ஆனதைத் தாய் எடுத்துரைத்தபோது, இம்மையிலும் மறுமையிலும் அவர்களுக்குப் பொறுப்பாளர் தாமே என்ற உறுதி வழங்கப்பட்டதாக வேறோர் அறிவிப்பு கூறுகிறது.

மூன்று நாள் என்னும் வரம்பு எதற்கு என்பது இங்கே துலங்குகிறது. தஃஸியத் மூன்று நாளுக்குள் என்று ஷாஃபிஈ சட்ட அறிஞர் வரையறுத்தனர். ஆறத்தொடங்கிய மனத்தில் புண்ணைப் புதுப்பிக்கலாகாது என்னும் காரணத்தை இமாம் நவவி விளக்குகிறார். தஃஸியத்துக்கு இன்ன சொல்தான் என்ற கட்டுப்பாடு இல்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஆக, வரம்பு முறைசார்ந்த துக்க விசாரிப்புக்கே. நான்காம் நாள் துணை நிற்பவரின் பணி முடிவதில்லை. அதன் வடிவம் மாறுகிறது. சொல்லின் பணி முடிந்து நாவிதரை அழைக்கும் பணி தொடங்குகிறது. நாமோ வரம்பைப் பேணுகிறோம். வரம்புக்குப் பின் வந்த அந்த வருகையை மறந்துவிடுகிறோம்.

ஒப்பாரி வளையத்தை ஒத்திவைத்த பின்

ஒப்பாரியைப் பற்றியும் ஒரு சொல். உரத்துப் புலம்பி மார்பில் அறைந்து அழும் நியாஹா நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது, அதில் ஐயமில்லை. ஆனால் தமிழ்நாட்டு ஒப்பாரியில் பாட்டு மட்டும் இல்லை. பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொள்ளும் ஒரு வளையமும் உண்டு. அழுபவள் தனியே சரிந்து விழாதபடி உடலால் உடலைத் தாங்கும் ஏற்பாடு அது. பாட்டை விலக்கியபோது அந்த வளையத்தின் இடத்தில் நாம் வைத்தது என்ன? யாஸீன் ஓதும் கூட்டம் சில இல்லங்களில் அந்தப் பணியைச் செய்கிறது. ஆனால் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கும் பெண்ணின் அறைக்குள், பத்தாம் நாளுக்குப் பின் நுழைபவர் எத்தனை பேர்? இத்தா அவள் வெளியே செல்வதைக் குறித்த ஒழுங்கு. பெண்கள் அவளிடம் வருவதற்கு அது தடையன்று. இந்த வேறுபாட்டைத் தெளிவுபடுத்தும் சொற்பொழிவுகள் நம்மிடையே அரிது.

மேலை உளவியலும் இவ்விடத்தில் கைகொடுக்கிறது. கவனத்தோடு கொள்ளுதல் வேண்டும். எலிசபெத் கியூப்ளர் ராஸ் 1969-இல் எழுதிய நூலின் ஐந்து நிலைகளைத் துயரத்தின் படிக்கட்டுகளாக நம் இதழ்கள் ஓயாமல் எடுத்தெழுதுகின்றன. மரணத்தை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பற்றி எழுதப்பட்டவை அவை. இழந்தவர் ஒவ்வொருவரும் ஏறியே ஆகவேண்டிய படிகள் அல்ல. அதே வேளையில், நெடுநாள் நீடித்து வாழ்வையே முடக்கும் துயரை ஒரு நோய்நிலையாக இன்றைய மருத்துவம் ஏற்றிருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட அமெரிக்க வரையறை, வயதுவந்தோர்க்கு ஓராண்டைக் கணக்காகக் கொள்கிறது. அத்தகையவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம்பிக்கைக் குறைவு ஆகாது. உடன் செல்வதும் பிணை நிற்றலே.

ஒரு புறநகரும் ஓர் இரவும்

இவையெல்லாம் ஏன் இப்போது? சென்னையின் மேற்கே, அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் வானகரத்துக்கும் அண்மையில், ஏரியை ஒட்டிக் கிடக்கும் அயனம்பாக்கம் போன்ற ஊர்களை எண்ணிப் பாருங்கள். வயலாக இருந்த இடமெல்லாம் அடுக்கு வீடுகளாகிவிட்டன. பிழைப்புக்காகப் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியோரின் சொந்தங்கள் தொலைவில் இருக்கின்றன. மௌத்துக்கு வந்த உறவினர் நான்காம் நாள் இரயிலேறி விடுகின்றனர். எதிர்வீட்டார் பெயரும் தெரியாத மாடியில் ஒரு பெண்ணும் இரு குழந்தைகளும் எஞ்சுகின்றனர். ஜமாஅத்தின் கடமை ஜனாஸாவோடு முடிந்ததா?

2020 ஏப்ரலில் இந்த வட்டாரமே நாட்டின் கண்முன் நின்றது. கொரோனாவால் இறந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் எரியூட்ட எதிர்ப்பு எழுந்தது. சில நாள் கழித்து, 19-ஆம் நாள், நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் இறந்தார். கீழ்ப்பாக்கத்திலும் பின்னர் அண்ணாநகர் வேலங்காட்டிலும் நல்லடக்கத்துக்குத் தடை. கல்லடிபட்ட ஊர்தியோடு மனைவியும் மகனும் அகல நேர்ந்தது. நண்பரான சக மருத்துவர் நள்ளிரவில் மீண்டு வந்து, மருத்துவமனை ஊழியர் இருவரின் துணையோடு, மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளி அடக்கத்தை முடித்தார். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, கண்ணியமான அடக்கமும் வாழ்வுரிமையைச் சார்ந்ததே என்று உரைத்தது. அடக்கத்தைத் தடுப்போர்க்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என அம்மாதமே அவசரச் சட்டம் பிறந்தது. தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் மதவேறுபாடு பாராது அந்நாள்களில் உடல்களை அடக்கம் செய்தனர்.

உடை நழுவும்போது கேளாமலே விரையும் கையை நட்புக்கு உவமையாக்கினார் வள்ளுவர். அந்த நள்ளிரவில் மண் தள்ளிய கை அத்தகையது. விதவையான பெண்ணுக்கு அவ்விரவில் எந்தத் தத்துவமும் தேவைப்படவில்லை. தன் கணவர் மண்ணுக்குள் கண்ணியமாகச் சென்றார் என்று சொல்லத்தக்க ஒருவர் தேவைப்பட்டார்.

துயர இலக்கியத்தை இனி நாம் இரு கண்களால் படித்தல் வேண்டும். அழுபவரின் சொல்லழகை ஒரு கண் காணட்டும். மற்றது அருகில் நிற்பவரின் கையைக் காணட்டும். கபிலர் வாயில் வாயிலாக நின்றதையும், உமறின் காவியத்தில் மானுக்காக ஒருவர் தம்மை ஈடாக வைத்ததையும், ஜஅஃபரின் மக்களுக்காக நாவிதர் அழைக்கப்பட்டதையும் ஒருசேரப் பயின்ற சமுதாயம், 'ஸபுறு செய்யுங்கள்' என்னும் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. அச்சொல்லைச் சொல்லும் தகுதியை அது நான்காம் நாளுக்குப் பின் ஈட்டிக்கொள்ளும்.